கோரமண்டல் என்பது சோழமண்டலம்தானா? அது நியூசிலாந்துவரை எப்படிப் போனது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். "கோரமண்டல் என்ற பெயர் சோழமண்டலத்திலிருந்து வந்ததா, பழவேற்காட்டுப் பக்கம் இருக்கும் கரிமணல் என்ற ஊரிலிருந்து வந்ததா? நியூசிலாந்திலும் ஒரு கோரமண்டல் இருக்கிறது, அங்கே தமிழ் எழுத்துப் பொறித்த மணியும் கிடைத்திருக்கிறது. அப்படியானால் சோழர்கள் அங்கே போனார்கள் என்று சொல்லலாமா?" இதுதான் கேள்வி. இதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பெயரின் மூலம் எது என்பது ஒன்று. அந்தப் பெயர் கடல் தாண்டிப் போனது எப்படி என்பது இன்னொன்று. மூன்றாவது நீங்கள் நேராகக் கேட்காதது: ஓர் ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு அங்கே யார் போனார்கள் என்று எவ்வளவு தூரம் முடிவுகட்டலாம்? மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஐரோப்பிய ஆவணங்களைப் பொறுத்தவரை அச்சான பதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும்தான் எனக்குத் துணை. போர்த்துகீசியம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். அந்தப் பகுதியில் நான் சொல்வதை அதற்கேற்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானது. கோரமண்டல் என்பது சோழமண்டலம்தான். இதில் இன்று ஆராய்ச்சியாளர்களிடையே பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆனால் "சோழர்கள் ஆண்டார்கள், அதனால் சோழமண்டலம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் கதையின் பாதி போய்விடும். சோழப் பேரரசு 1279 வாக்கில் மூன்றாம் இராசேந்திரனோடு முடிந்துபோனது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். நடுவில் ஏறத்தாழ 220 வருடங்கள். பாண்டியர், மதுரை சுல்தான்கள், விஜயநகரத்தார் என்று எத்தனையோ கை மாறிவிட்ட நிலத்துக்கு, இல்லாமல் போன ஓர் அரச குடும்பத்தின் பெயரை வந்திறங்கிய வெளிநாட்டுக்காரனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

விடை 'மண்டலம்' என்ற பாதியில் இருக்கிறது. முதலாம் இராசராசன் காலத்தில் (985–1014) சோழ ஆட்சிக்குட்பட்ட நிலமெல்லாம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. பிரித்ததோடு நிற்காமல், பிடித்த நாடுகளுக்கெல்லாம் சோழப் பட்டப்பெயர்களையே வைத்தார்கள். தொண்டை மண்டலம் ஜயங்கொண்ட சோழ மண்டலம் ஆனது. ஈழம் மும்முடிச் சோழ மண்டலம் ஆனது. கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலம், நுளம்பபாடி நிகரிலிச் சோழ மண்டலம். காவிரிக் கரையில் இருந்த தாய்நாடு வெறும் சோழ மண்டலம். கல்வெட்டைத் திறந்தால் ஊரின் முகவரி பெரிதிலிருந்து சிறிதாகப் போகும்: "ஜயங்கொண்ட சோழ மண்டலத்துப் புலியூர்க் கோட்டத்து" என்று தொடங்கி நாடு, ஊர் என்று இறங்கும். மயிலாப்பூரும் அந்தப் புலியூர்க் கோட்டத்தில்தான் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, கோடியக்கரையிலிருந்து வடக்கே பழவேற்காட்டையும் தாண்டி, கடற்கரை முழுக்க ஏதோ ஒரு 'சோழ மண்டலம்' என்ற முகவரிக்குள் வந்துவிட்டது என்பதைத்தான். தஞ்சாவூர்க்காரனும் சோழ மண்டலத்தான், காஞ்சிபுரத்துக்காரனும் ஒரு வகையில் சோழ மண்டலத்தான். அரசு போன பிறகும் முகவரி போகவில்லை. விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளிலும் தொண்டை நாட்டு ஊர்கள் ஜயங்கொண்ட சோழ மண்டலத்து ஊர்களாகவே எழுதப்பட்டன. கணக்கெழுதுகிறவர்கள் பழைய தலைப்பை லேசில் மாற்றமாட்டார்கள். வரி விவரமும் நில எல்லையும் அந்தத் தலைப்பில்தானே கிடக்கின்றன? ஆக, போர்த்துகீசியர் கேட்டது பழங்கால ஞாபகம் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த ஒரு நிலப்பிரிவின் பெயர். தமிழ்ப் புலவர்களும் அதை விடவில்லை. பின்னால் ஆத்மநாத தேசிகர் பாடிய சதகத்துக்கே 'சோழமண்டல சதகம்' என்றுதான் பெயர்.

போர்த்துகீசியருக்கு முன்னால் இந்தக் கடற்கரையை வெளியுலகம் என்னவென்று அழைத்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். அரபு, பாரசீக எழுத்தாளர்களுக்கு இது 'மஅபர்', அதாவது கடக்கும் இடம், துறை. இலங்கைப் பக்கம் கடந்து போகிற கரை என்ற பொருளில் வந்திருக்கலாம். மதுரை சுல்தான்களின் அரசையே மஅபர் என்றுதான் அவர்களுடைய வரலாறுகள் குறிப்பிடுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோவும் மாபார் என்கிறார். அதோடு, அந்த மாபாருக்குள்ளே 'சோலி' என்று ஒரு பகுதி இருப்பதாகவும், இந்தியாவிலேயே சிறந்த மாகாணம் அதுதான் என்றும் சொல்கிறார். அந்த சோலி நம் சோழம்தான். சீனர்களின் சோங் வமிச ஆவணங்களில் சோழ நாட்டிலிருந்து தூதர்கள் வந்த செய்தி இருக்கிறது. இராசராசன் அனுப்பிய தூது 1015இல் போய்ச் சேர்ந்தது. அவர்கள் எழுதிய பெயரை ஏறத்தாழ 'சூ-லியன்' என்று உச்சரிக்கலாம். மலாய் நாட்டில் தமிழ் முஸ்லிம்களுக்கு 'சூலியா' என்று பெயர் நின்றது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சூலியா தெரு இன்றும் இருக்கிறது. அதையும் சோழரோடு இணைத்துத்தான் பெரும்பாலும் விளக்குகிறார்கள்.

மஅபர் என்ற பெயர் மறைந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். மேற்குக் கரைக்கு மலபார் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. மாபார், மலபார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த மாலுமி வரைபடம் எழுதுவான்? போர்த்துகீசியரே இந்தக் குழப்பத்திலிருந்து தப்பவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகத்தின் முகப்பில் மொழியின் பெயரை 'மலபார் தமிழ்' என்றே போட்டார்கள். பின்னால் வந்த ஐரோப்பியர் பலர் தமிழர்களையே மலபாரிகள் என்று எழுதிவைத்ததால், பழைய ஆவணம் படிக்கிறவர்களுக்கு இன்றும் தலைவலி.

சரி, சோழமண்டலம் கோரமண்டல் ஆனது எப்படி? இரண்டு ஒலிகள் மாறியிருக்கின்றன. 'சோ' என்பது 'கோ' ஆனது; 'ழ' என்பது 'ர' ஆனது. முதல் மாற்றத்தை ஓரளவு உறுதியாகவே விளக்கலாம். வாஸ்கோ ட காமாவின் முதல் பயணத்தைப் பற்றி அவர் கூட வந்த ஒருவர் எழுதிய குறிப்பில், கோழிக்கோட்டுக்கு அப்பால் இருக்கும் நாடுகளின் பட்டியல் ஒன்று உண்டு. காதால் கேட்டு எழுதியது. அதில் 'சோமந்தர்லா' என்று ஒரு நாடு வருகிறது. 1510இல் ரோமில் அச்சான தன் பயண நூலில் வர்த்தேமா என்ற இத்தாலியர் 'சோரோமந்தெல்' என்று எழுதுகிறார். ஏதோ ஒரு நகரத்தின் பெயர் என்று நினைத்துவிட்டார், அது வேறு விஷயம். நாகப்பட்டினத்தைத்தான் சொல்கிறார் என்று கருதுகிறவர்கள் உண்டு. நமக்கு முக்கியம், அவர் போட்டிருக்கும் எழுத்து. இத்தாலிய மொழியில் 'ச்' ஒலிக்கென்றே உள்ள 'சி-ஐ' என்ற எழுத்துக்கூட்டைப் போட்டிருக்கிறார். அவர் காதில் விழுந்தது ககரம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1516 வாக்கில் எழுதிய போர்த்துகீசியர் பார்போசா 'சரமந்தெல்' என்கிறார்.

போர்த்துகீசியர் இந்த ஒலியை 'சி-எச்' என்ற இரட்டை எழுத்தால் எழுதினார்கள். அந்தக் காலத்துப் போர்த்துகீசியத்தில் அது அழுத்தமான 'ச்'. ஆனால் எழுத்து ஊர் ஊராகப் போகும்போது ஒலி கூடவே போவதில்லை. அதே இரட்டை எழுத்தை இத்தாலியன் 'க்' என்று படிப்பான். டச்சுக்காரன் தொண்டையைச் செருமுவதுபோல் ஒலிப்பான். ஆங்கிலத்திலும் கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் அது 'க்' தான். வரைபடத்தைப் பார்த்து வரைபடம் வரைந்த காலம் அது. காதால் கேட்டவர்கள் சிலர், கண்ணால் படித்தவர்கள் பலர். படித்தவர்கள் பக்கம் ககரம் ஒட்டிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டிலும் சென்னை கிழக்கிந்தியக் கம்பெனிப் பதிவுகளில் அந்த 'எச்' எழுத்து கிடந்தது. உச்சரிப்பில் எப்போதோ செத்துப்போனதை எழுத்தில் மட்டும் சுமந்துகொண்டிருந்துவிட்டுக் கடைசியில் விட்டார்கள்.

இரண்டாவது மாற்றம், அதாவது ழகரம் ரகரமானது, அவ்வளவு சுலபமில்லை. "ழ வெளிநாட்டுக்காரன் வாயில் நுழையாது, அதனால் ர ஆகிவிட்டது" என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. போர்த்துகீசியர் மற்ற இடங்களில் ழகரத்தை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பழவேற்காடு 'பலியகாத்' ஆனது. கீழக்கரை 'கிலிகரே' ஆனது. கோழிக்கோடு 'கலிகூத்' ஆனது. எல்லாவற்றிலும் லகரம்தான். அப்படியானால் சோழமண்டலம் 'சோலமண்டல்' என்றல்லவா ஆகியிருக்க வேண்டும்?

மறுபக்கம், அவர்களும் மற்ற ஐரோப்பியரும் எழுதிய பெயர்களில் ரகரம் எங்கே வருகிறது என்று தேடினால் வேறொரு சங்கதி தெரியும். தூத்துக்குடி 'தூத்துக்கோரின்' ஆனது. திருவிதாங்கோடு 'திருவாங்கூர்' என்று நாம் பின்னால் எழுதத் தொடங்கிய 'டிராவன்கோர்' ஆனது. தரங்கம்பாடி டேனியர் வாயில் 'டிராங்கபார்' ஆனது. மூன்றிலும் இரண்டு உயிர்களுக்கு நடுவே மெலிதாக ஒலிக்கும் நம் டகரம்தான் ரகரமாகியிருக்கிறது. இப்போது சோழரை மற்ற இந்திய மொழிகள் எப்படி அழைத்தன என்று நினைத்துப் பாருங்கள். அசோகரின் 2ஆம், 13ஆம் பாறைக் கல்வெட்டுகளில் 'சோட' என்று இருக்கிறது. தெலுங்கில் அந்தக் குடியின் கிளைகளுக்கே தெலுங்குச் சோடர்கள் என்று பெயர். வெலநாட்டுச் சோடர், நெல்லூர்ச் சோடர் என்று கடற்கரை ஆந்திரத்தை ஆண்டவர்கள் உண்டு. 1500 வாக்கில் பழவேற்காட்டிலும் அதற்கு வடக்கேயும் வணிகத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் கை ஓங்கியிருந்தது, ஆட்சியும் விஜயநகரத்தாருடையது. 'சோடமண்டலம்' என்ற உச்சரிப்பைக் கேட்ட போர்த்துகீசியன் தூத்துக்குடியை எழுதிய அதே முறையில் 'சோரமண்டல்' என்று எழுதியிருக்கலாம் அல்லவா?

இது என் ஊகம். நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர்வாதம் ஒன்றும் இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கர் தாலமியின் நூலிலேயே சோழரைக் குறிக்கும் பெயர்கள் 'சோர' என்ற ஒலியோடுதான் வருகின்றன. ஆகவே ழகரத்தை நேராகவே ரகரமாகக் கேட்கிற காதுகள் உண்டு என்று ஒருவர் சொல்லலாம். கிரேக்கனும் பிராகிருதம் பேசுகிறவர்கள் வழியாகத்தான் கேட்டிருப்பான், அங்கேயும் டகரம்தான் ரகரமானது என்று நான் பதில் சொல்லலாம். இப்படி மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போகலாம். எந்த வழியாக வந்தாலும் போய்ச் சேருமிடம் சோழர் பெயர்தான் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அப்புறம் கரிமணல். இந்த விளக்கத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை; படித்தவர்கள் பலர் ஒரு காலத்தில் நம்பியதுதான். பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் அப்படியொரு ஊர் இருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டி, கடற்கரை முழுவதற்குமான தலைமையிடமாக அதை வைத்திருந்தார்கள். கடற்கரையில் கறுப்பு மணலும் உண்டு. கரிமணல், கோரமண்டல் என்று வேகமாகச் சொல்லிப் பார்த்தால் காதுக்குப் பொருந்துவதுபோலவும் இருக்கும். பொருந்தாதது காலம். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டுக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பெயர் ஐரோப்பியப் புத்தகங்களில் ஏறிவிட்டது. அதுவும் சகரத்தோடு ஏறியது. கரிமணலிலிருந்து 'கோ' வரும், 'சோ' எப்படி வரும்? போதாததற்கு, அந்த முதல் பட்டியல் எழுதப்பட்டது மேற்குக் கரையில், கிழக்குக் கரையைப் பார்க்காத ஒருவர் கையால். அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது ஒரு நாட்டின் பெயர். கோழிக்கோட்டு வணிகர்கள் கிழக்குக் கரை முழுவதையும் சுட்ட, பழவேற்காட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரை எடுத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் இது அடிக்கடி நடக்கும் விபத்துதான்: இன்றைய வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒத்த ஒலியுள்ள சொல்லை அருகில் தேடுவது. கடைசி வடிவத்திலிருந்து தொடங்கக் கூடாது, கிடைக்கிற முதல் வடிவத்திலிருந்து தொடங்க வேண்டும்.

குருமண்டலம் என்றும், வெயில் கொளுத்தும் பகுதி என்ற பொருளில் கரமண்டலம் என்றும் சொல்கிற விளக்கங்களும் உண்டு. இரண்டும் அதே சகரத்தில் இடறி விழுந்துவிடும். நேரம் செலவழிக்க வேண்டாம்.

சோழ என்ற சொல்லுக்கே பொருள் என்ன என்று அடுத்த கேள்வி வரும். சோளம் விளைந்த நாடு என்பதிலிருந்து பல விளக்கங்கள் உலவுகின்றன. ஒன்றுகூட ஏற்கத்தக்க சான்றோடு நிற்கவில்லை. திருக்குறளின் 955ஆம் குறளில் வரும் 'பழங்குடி' என்பதற்கு உரை சொல்லும் பரிமேலழகர், சேர சோழ பாண்டியர் என்பதுபோலப் படைப்புக் காலம் தொட்டு மேம்பட்டு வரும் குடி என்கிறார். அதாவது அவர் காலத்திலேயே அது பொருள் தேடப்படாத குடிப்பெயர். நானும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோழமண்டலக் கடற்கரை என்று இன்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோமே, அப்படிக் 'கடற்கரை'யைச் சேர்த்துச் சொல்வது ஐரோப்பியர் பழக்கம். கல்வெட்டில் சோழ மண்டலம் என்பது வயலும் ஏரியும் ஊரும் சேர்ந்த நிலம். கப்பலில் வந்தவனுக்குக் கரைதான் நாடு, அதனால் அவன் நாட்டின் பெயரைக் கரைக்கு வைத்தான். தெற்கே கோடியக்கரையில் தொடங்கி வடக்கே கிருஷ்ணா முகத்துவாரம்வரை அவர்கள் பொதுவாக அப்படிச் சொன்னார்கள். கோடியக்கரைக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம் போனால் முத்துக்குளித்துறை, போர்த்துகீசியருக்கு அது தனிக் கரை. ஆங்கிலேயர் மசூலிப்பட்டினத்தில் 1611இல் கடை போட்டது, 1639இல் சென்னையில் இடம் வாங்கியது, டேனியர் 1620இல் தரங்கம்பாடிக்கு வந்தது, பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் ஊன்றியது எல்லாம் இந்த ஒரு பெயருக்குள் அடங்கின. எல்லாருக்கும் வேண்டியது துணி. பல நாட்டுக் கம்பெனிகள் தங்கள் கணக்குப் புத்தகங்களில் ஒரே பெயரைத் தலைப்பாகப் போட்டு எழுதிய பிறகு அது மாற வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

புகழ்பெற்ற பெயர் கண்ட இடத்தில் ஒட்டும். 17ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் செய்த, அரக்குப் பூச்சில் செதுக்கிய மடிப்புத் திரைகளுக்கு ஐரோப்பாவில் கோரமண்டல் திரை என்று பெயர். நம் ஊர்த் தச்சர் யாரும் அதில் கை வைத்ததில்லை. ஐரோப்பாவுக்குப் போகிற வழியில் இந்தக் கரைத் துறைமுகங்களில் கப்பல் மாறியதற்குக் கிடைத்த பெயர். தாவரவியலில் வில்லியம் ராக்ஸ்பரோ 1795இலிருந்து வெளியிட்ட பெரிய படத்தொகுதி இந்தக் கரையின் செடிகொடிகளைப் பற்றியது, தலைப்பிலும் கோரமண்டல் உண்டு. பீடி சுற்றும் இலை தருகிற மரத்துக்கு ஆங்கிலத்தில் கோரமண்டல் கருங்காலி என்கிறார்கள். இலங்கையில் வளரும் இன்னொரு விலை உயர்ந்த மரத்துக்குக் 'கலமாண்டர்' என்று பெயர். அது கோரமண்டல் சிதைந்து வந்ததா, 'களு மெதிரிய' என்ற சிங்களப் பெயரிலிருந்து வந்ததா என்பதில் இரு கட்சி உண்டு. எனக்குச் சிங்கள மூலம்தான் இயல்பாகப் படுகிறது, மரம் அங்கே வளர்வதால்.

இனி நியூசிலாந்து. அங்கே வடதீவில் கோரமண்டல் என்று ஒரு தீபகற்பமும் ஒரு சிற்றூரும் இருக்கின்றன. பெயர் வந்த வழியில் எந்த மர்மமும் இல்லை. பிரிட்டிஷ் கடற்படையின் 'கோரமண்டல்' என்ற சரக்குக் கப்பல் 1820இல் பாய்மரத் தூண்களுக்காகக் கௌரி மரம் வெட்டி ஏற்றிப் போக அந்தத் துறைக்கு வந்தது. கப்பலின் பெயர் துறைக்கும், பின்னால் ஊருக்கும், தீபகற்பத்துக்கும் ஆனது. மாவோரி மக்களுக்கு அந்தத் தீபகற்பம் 'தே தாரா ஓ தே இகா ஆ மாவுயி', மாவுயியின் மீனுடைய முள் என்று பொருள். மாவுயி என்ற புராண வீரன் கடலிலிருந்து இழுத்துப் போட்ட மீன்தான் வடதீவு என்பது அவர்கள் கதை.

அந்தக் கப்பலின் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அது 1798இல் கல்கத்தாவில் கட்டப்பட்டது. முதலில் வணிகக் கப்பல், பெயர் 'குவேரா', அதாவது நம் குபேரன். 1804இல் கடற்படை அதை வாங்கி 'மலபார்' என்று பெயர் வைத்தது. 1815இல் அதையும் மாற்றிக் 'கோரமண்டல்' என்றார்கள். ஒரு பெயர்மாற்றம் நடக்காமல் போயிருந்தால் நீங்கள் இன்று நியூசிலாந்தில் மலபார் எப்படி வந்தது என்று கேட்டிருப்பீர்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தை ஒட்டிக் கோரமண்டல் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் உண்டு. அது அதே பெயருடைய வேறொரு கப்பலால் வந்தது. 1837 சனவரியில் குடியேறிகளைக் கொண்டுவந்த அந்தக் கப்பலின் மாலுமிகள் சிலர் வேலையை விட்டு ஓடிப்போய் அந்த மலைப்பக்கம் ஒளிந்துகொண்டார்கள். பெயர் அங்கே தங்கிவிட்டது.

மணி வேறு கதை. வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் 1836 வாக்கில் நியூசிலாந்தின் வாங்கரே பகுதியில் அதைக் கண்டார். மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்து வைத்துக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த வெண்கல மணியின் மேல்பகுதி. இன்று வெலிங்டன் நகரத்து தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுற்றிலும் பொறித்த தமிழ் வாசகம் "முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி" என்று படிக்கப்பட்டிருக்கிறது. பெயரைக் கவனியுங்கள். முகைதீன் பக்ஷ் என்ற தமிழ் முஸ்லிம் கப்பல் உரிமையாளரின் மணி அது. எழுத்தமைதி பழையது என்பதால் சில நூற்றாண்டுகள் பின்னோக்கித் தள்ளுகிறார்கள், ஆனால் சரியாக எந்த நூற்றாண்டு என்பதில் ஒத்த கருத்து இல்லை. சோழர் காலத்துக்கு அதை ஏற்ற யாரிடமும் ஆதாரம் கிடையாது. அது நியூசிலாந்துக்குப் போனதற்குப் பல வழிகள் இருக்கலாம்: மணியோடு கப்பலே திசை தப்பிப் போயிருக்கலாம், கைவிடப்பட்ட கப்பல் நீரோட்டத்தில் மிதந்து போயிருக்கலாம், வேறு நாட்டுக் கப்பல் ஒன்று பழைய வெண்கலமாகக் கொண்டுபோயிருக்கலாம். வாங்கரே, கோரமண்டல் தீபகற்பத்துக்கு வடக்கே தனியாக இருக்கும் பகுதி. மணி கிடைத்ததால் பெயர் வரவில்லை, பெயர் இருந்ததால் மணி வரவில்லை.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: நியூசிலாந்துக் கோரமண்டல் சோழர் அங்கே போனதற்குச் சான்றாகாது. அது பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பலுக்கு இந்தியக் கரையின் பெயரை வைத்ததற்குச் சான்று. சோழர் கடல் கடந்து போனதற்குச் சான்று வேண்டுமென்றால், இராசேந்திரன் கடாரம் மீது படை அனுப்பியதைச் சொல்லும் மெய்க்கீர்த்தியும் (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி) அந்தச் சீனத் தூதுக் குறிப்புகளும் ஏற்கெனவே இருக்கின்றன. பலவீனமான ஒன்றை அவற்றோடு சேர்த்துக் கட்டினால், கேட்கிறவர்கள் பலமானதையும் சந்தேகப்படத் தொடங்குவார்கள்.

தமிழில் எழுதும்போது எதை எழுதுவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நம் கடற்கரையைப் பற்றி எழுதினால் சோழமண்டலக் கடற்கரை என்றே எழுதுங்கள். மூலம் அதுதான் என்பதில் ஐயமில்லை. ஹௌரா நகரத்து ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வரும் ரயிலுக்குக் கோரமண்டல் என்பது வைத்த பெயர், அதை மாற்ற வேண்டியதில்லை. நியூசிலாந்து ஊருக்கும் ஆஸ்திரேலியப் பள்ளத்தாக்குக்கும் கோரமண்டல் என்று மட்டுமே எழுத வேண்டும். அவற்றைச் சோழமண்டலம் என்று 'திருத்தி' எழுதினால், அடுத்து படிக்கிறவர் உங்களிடமே வந்து சோழர் அங்கே எந்த வருடம் போனார்கள் என்று கேட்பார்.